களரியின் வீரனும் கதையின் கணவனும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, ஞாயிறு படுகின்ற திசையிலுள்ள நிலத்தைப் படுவான்கரை என்று வழங்குவர். அதன் தென்பாகத்தில், போரதீவுப்பற்றில், வயலும் குளமும் சூழ அமைந்த ஊர் வெல்லாவெளி. அறுவடை முடிந்து நெல் வீடு சேர்ந்த பின்னர், படுவான்கரை ஊர்களில் மத்தளமும் சல்லரியும் ஒலிக்கத் தொடங்குவது நெடுங்கால வழக்கம். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஊராரைக் கூட்டி, யார் யாருக்கு எந்த வேடம் பொருந்தும் என்று பார்த்துப் பாத்திரங்களைப் பகிர்ந்து கொடுப்பார். அதற்குச் சட்டங்கொடுத்தல் என்று பெயர். பகலெல்லாம் வயலில் நின்றவர்கள் இரவில் ஆட்டமும் பாட்டும் பயில்வார்கள். மாதங்கள் சென்றபின் சதங்கை அணியும் நாள் வரும்; அதன்பின் அரங்கேற்றம் வரும். வட்டமாக அமைத்த களரியைச் சுற்றி ஊர் முழுவதும் விடிய விடிய விழித்திருக்கும்.

அந்த வட்டக்களரியே, 19ஆம் நூற்றாண்டில், எழுத்தறியாத பெரும்பாலான மக்களுக்குப் புராணமும் பள்ளிக்கூடமும் நூலகமுமாக விளங்கிற்று. ஆண்மகன் என்பவன் எத்தகையவன் என்ற கேள்விக்கு அங்கேதான் விடை கிடைத்தது. கூத்தில் வடமோடி, தென்மோடி என இரு பிரிவுகள் உண்டு. வடமோடிக் கூத்துகள் பெரும்பாலும் பாரதத்தையும் இராமாயணத்தையும் தழுவியவை. போரிலே தொடங்கிப் போரிலே முடிபவை. கர்ணன் போர், பதினெட்டாம் போர் என்னும் பெயர்களே அவற்றின் இயல்பைக் காட்டும். களரிக்கு வரும் அரசன் தன் குலத்தையும் வலிமையையும் தானே எடுத்துப் பாடுகின்றான், எதிரியை வாதுக்கழைக்கின்றான், வில்லும் வாளும் ஏந்திச் சுழன்று ஆடுகின்றான். கொடுத்த வாக்கைக் காத்தலும், புறங்காட்டாமையும், வேண்டியவிடத்து உயிரை விடுதலுமே அங்கு ஆண்மையின் இலக்கணம். தென்மோடியிலோ காதலும் சூழ்ச்சியும் மிகுதி. ஆயினும் அலங்காரரூபன் போன்ற அதன் நாயகரும் வாளை மறந்தவர் அல்லர்.

இந்த இலக்கணம் களரியில் ஓங்கி நின்ற அதே நூற்றாண்டின் பிற்பாதியில், தமிழில் புதியதொரு கதைவடிவம் பிறந்தது. அது அச்சில் வந்த உரைநடைக்கதை. கூத்தை ஊர் கூடி இரவிலே பார்த்தது. இக்கதையை ஒருவர் விளக்கருகே தனியாக அமர்ந்து படித்தார். கூத்து கேட்ட கேள்வி, இவனால் வெல்ல முடியுமா என்பது. புதிய கதை கேட்ட கேள்வியோ, இவனால் நம்ப முடியுமா என்பது. பகைவனுக்கு முன் நிற்கும் ஆணைவிட, மனைவிக்கு முன் நிற்கும் ஆணையே அது கூர்ந்து நோக்கிற்று. இந்த மாற்றத்தின் வரலாறு தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஈழத்தின் கிழக்குக் கரைக்கும் அதில் பெரும்பங்கு உண்டு.

1891ஆம் ஆண்டில் திருகோணமலையைச் சேர்ந்த எஸ். இன்னாசித்தம்பி என்பவர் 'ஊசோன் பாலந்தை கதை' என்னும் நூலை எழுதினார். ஈழத்தின் முதல் தமிழ் நாவல்களுள் ஒன்றாக இது எண்ணப்படுகின்றது. இதன் மூலம், ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக வழங்கிய ஒரு பழங்கதை. பிரெஞ்சு மொழியில் அது 1489இலேயே அச்சேறிவிட்டது. அப்பழங்கதையில் வரும் பேரரசன் ஒருவன், தீயோன் ஒருவனுடைய பொய்ப்பழியை நம்பிச் சூல்கொண்ட தன் மனைவியை நாட்டைவிட்டுத் துரத்துகின்றான். காட்டிலே அவளுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறக்கின்றனர். ஒருவனைக் கரடி தூக்கிச் சென்று வளர்க்கின்றது. மற்றவன் அரண்மனையில் வளர்கின்றான். முதல்வன் ஊசோன், உடல்வலிமையே உருவான காட்டு மனிதன். இரண்டாமவன் பாலந்தை, ஒழுக்கமும் படைப்பயிற்சியும் பெற்ற வீரன். உடன்பிறந்தோர் என்று அறியாமலே இருவரும் பொருதுகின்றனர். பாலந்தை ஊசோனை வென்று, அவனை மனிதருள் ஒருவனாக்குகின்றான்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது வடமோடி அண்ணாவியார் ஒருவரும் விரும்பி எடுத்தாளக்கூடிய கதைதான். காட்டு வலிமைக்கும் நாட்டு ஒழுக்கத்துக்கும் நடக்கும் மற்போர் அது. எனினும் கதையின் வேர் அந்தப் போரில் இல்லை. அத்தனை துன்பத்துக்கும் காரணம் ஓர் ஆணின் ஐயம். பேரரசனுக்குப் படை இருந்தது, பட்டம் இருந்தது, மனைவியின் சொல்லைக் கேட்கும் பொறுமை மட்டும் இருக்கவில்லை. பிள்ளைகளின் வாள் எவ்வளவு வென்றாலும், தந்தையின் பிழையைத் திருத்துவதற்கே அவ்வளவும் செலவாகின்றது.

இதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்னர், 1885இல், கண்டியில் வாழ்ந்த வழக்கறிஞர் சித்திலெப்பை 'அசன்பே சரித்திரம்' என்னும் கதையை வெளியிட்டிருந்தார். 1882இல் 'முஸ்லிம் நேசன்' என்ற இதழைத் தொடங்கித் தம் சமூகத்தாரின் கல்விக்காக உழைத்த பெரியார் அவர். அவருடைய நாயகன் எகிப்து நாட்டில் உயர்குடியிற் பிறந்து, குழந்தைப் பருவத்திலே களவாடப்பட்டு, இந்தியாவில் வளர்கின்றான். அவன் துணிவில் குறைந்தவன் அல்லன். ஆனால் அவனை உயர்த்துவன கல்வி, வாய்மை, நன்றியறிதல் என்பனவே. குலத்தைக் கூறிப் பெருமை கொள்வதற்கு அவனுக்குத் தன் குலமே தெரியாது. களரிக்கு வரும் அரசன் முதலில் தன் வரலாற்றைப் பாடிவிட்டே ஆடத் தொடங்குவான்; அசனோ செயலால் தன்னை நிறுவிய பின்னரே தன் வரலாற்றை அறிகின்றான். பள்ளிக்கூடம் சென்று தன்னை உயர்த்திக்கொள்ளும் இளைஞன் என்னும் புதிய ஆண்மகன் இங்கே தோன்றுகின்றான்.

திருகோணமலை தந்த மற்றொருவர் தி. த. சரவணமுத்துப்பிள்ளை. சென்னை மாநிலக் கல்லூரியில் நூலகராகப் பணியாற்றிய இவர், 1895இல் 'மோகனாங்கி' என்ற நாவலை வெளியிட்டார். தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று போற்றப்படுவது இது. மதுரை நாயக்க மன்னனாகிய சொக்கநாதனும் தஞ்சை நாயக்கர் மகளும் இதன் தலைமக்கள். வரலாறு சொல்வது கொடியதொரு நிகழ்ச்சி. சொக்கநாதன் பெண் கேட்டான். தஞ்சை விசயராகவ நாயக்கர் மறுத்தார். மதுரைப் படை தஞ்சையின் மேற் சென்றது. 1673இல் விசயராகவர் போர்க்களத்தில் மடிந்தார். அரண்மனைப் பெண்கள் தீயில் அழிந்தனர். பெண்ணைக் கேட்பது ஆண், கொடுப்பதோ மறுப்பதோ தந்தை, தீர்ப்பது வாள், எரிவது பெண் என்பதே அந்த வீரத்தின் கணக்கு. சரவணமுத்துப்பிள்ளை இந்த வரலாற்றைக் காதற்கதையாக மாற்றி அமைத்தார். பெண்ணின் உள்ளத்துக்கு அங்கே இடம் கிடைத்தது. மூன்றாண்டுகளுக்கு முன், 1892இல், பெண்களின் உரிமைக்காகவும் உள்ளம் ஒத்த மணத்துக்காகவும் 'தத்தை விடு தூது' என்ற செய்யுள்நூலை இயற்றியவரும் இவரே என்பதை எண்ணினால், இந்த மாற்றம் தற்செயலன்று என்பது விளங்கும்.

கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டிலும் இதே ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. தமிழின் முதல் நாவலாகிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வெளிவந்தது. அதன் ஆசிரியர் மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம்பிள்ளை. பிரதாபன் செல்வர் வீட்டுப் பிள்ளை. பாடம் படிக்காத குற்றம் அவனுடையதாக இருக்க, அடிபட்டவனோ ஆசிரியர் மகனாகிய கனகசபை. அடியை வேறொருவன் வாங்கிக்கொள்ளும்போது ஓர் ஆண்மகன் எவ்வாறு உருவாவான் என்று வேதநாயகர் சிரித்துக்கொண்டே கேட்கின்றார். அவனைக் காப்பவள் மனைவி ஞானாம்பாள். முறையற்ற நாடொன்றில் பிரதாபன் சிறைப்படுகின்றான். அவனைத் தேடி ஆண்வேடத்தில் வரும் ஞானாம்பாளுக்கு யானை மாலை சூட்ட, அவள் அந்நாட்டுக்கு அரசனாகின்றாள், நீதி வழுவாமல் ஆள்கின்றாள், கணவனையும் மீட்கின்றாள். ஆண்மை என்று உலகம் போற்றிய ஆட்சித்திறனும் துணிவும் ஓர் உடை மாற்றத்தில் பெண்ணிடம் வந்துவிட்டன. அவை முன்பே அவளிடம் இருந்தன. உலகத்தின் கண்ணுக்குத் தெரிவதற்கே ஆணுடை வேண்டியிருந்தது.

படுவான்கரைக் களரியில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். அங்கே மரபின்படி பெண்வேடம் தாங்கியவரும் ஆண்களே. பகலில் ஏர் பிடித்த கை, இரவில் திரௌபதியின் கூந்தலை விரித்துச் சபையில் நீதி கேட்டது. அதனால் அவனுடைய ஆண்மைக்கு இழுக்கு வந்ததாக ஊர் கருதவில்லை. நன்றாக ஆடினானா என்றே பார்த்தது. வீரத்தைப் பாடிய களரிகூட, ஆண் என்பதும் பெண் என்பதும் ஓரளவுக்கு ஏற்று நடிக்கும் கோலங்களே என்பதைச் சொல்லாமல் அறிந்திருந்தது.

1893 முதல் 'விவேக சிந்தாமணி' இதழில் தொடர்ந்து வந்து 1896இல் நூலான 'கமலாம்பாள் சரித்திரம்' இன்னும் ஆழத்துக்குச் செல்கின்றது. அதன் ஆசிரியர் ராஜம் ஐயர் 1898இல், தமது 26ஆம் வயதில் மறைந்த மேதை. அவருடைய கதையில் ஆண்கள் பலவகையினர். பேயாண்டித் தேவன் என்னும் கள்ளன் வலிமையின் வடிவம். ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை ஏட்டுப்படிப்பின் வடிவம். நகைப்புக்கு இடமாகும் நல்லவர். இவர்களுக்கு நடுவே சிறுகுளத்துப் பெரிய மனிதராகிய முத்துஸ்வாமி ஐயர் நிற்கின்றார். செல்வமும் மதிப்பும் உடைய அவர், மகனையும் பொருளையும் இழக்கின்றார். அதன்மேல், மனைவி கமலாம்பாளைப் பற்றி ஊர்வாய் பேசும் அவதூறும் அவர் காதில் விழுகின்றது. இத்தனை ஆண்டு உடன் வாழ்ந்தவளை ஒரு சொல் கேட்டறியாமல் வீட்டைத் துறக்கின்றார். பின்னர் அவருக்கு ஞானகுரு வாய்க்கின்றார், அமைதியும் கிடைக்கின்றது. துறவு உயர்ந்ததே. ஆயினும் அதற்கு முதற்படியாக அமைந்தது ஓர் ஐயம் என்பதை ஆசிரியர் மறைக்கவில்லை. 1898இல் தொடங்கி வெளிவந்த அ. மாதவையாவின் 'பத்மாவதி சரித்திர'த்தில், கணவனாகிய நாராயணன் ஆங்கிலக் கல்வி பெற்றவன், பெண்கல்வியை விரும்புபவன். அவனும் மனைவியின்மேல் வீண் ஐயங்கொண்டு அவளை வாட்டுகின்றான். படிப்பு ஒன்றே ஆணைத் திருத்திவிடும் என்ற எளிய நம்பிக்கையை மாதவையா அவ்விடத்திலே உடைத்துவிடுகின்றார்.

இந்தக் கேள்வி அந்நாளில் உலகின் பிற மூலைகளிலும் எழுந்தது. அதற்குச் சிறந்த சான்று ஸ்பெயின் தேசம். மட்டக்களப்போடு அந்நாட்டுக்குத் தொலைவான தொடர்பு ஒன்றும் உண்டு. போர்த்துக்கேயர் 1628இல் மட்டக்களப்புக் கோட்டையைக் கட்டியபோது, போர்த்துக்கலுக்கும் ஸ்பெயினுக்கும் அரசர் ஒருவரே. அக்காலத்தில் ஸ்பானிய நாடகமேடையில் புகழ்பெற்றிருந்தவர் கல்தெரோன். அவருடைய 'தன் மானத்தின் மருத்துவன்' என்னும் நாடகத்தில், கணவன் ஒருவன் வெறும் ஐயத்தின் பேரில் மனைவியின் குருதியை வடியச் செய்து கொல்கின்றான். மானம் காத்தவனாகவே அந்நாடகத்து அரசனும் அவனை ஏற்றுக்கொள்கின்றான். ஸ்பெயினின் களரி வளர்த்த ஆண்மை அது.

250 ஆண்டுகள் கழிந்து, 1884, 1885ஆம் ஆண்டுகளில், கிளாரீன் என்னும் புனைபெயர் பூண்ட லெயோப்பொல்தோ அலாஸ் 'லா ரெகெந்தா' என்ற பெருநாவலை வெளியிட்டார். அஃதாவது, அசன்பே சரித்திரம் அச்சேறிய காலம். அந்நாவலின் தலைவி ஆனாவைச் சுற்றி மூன்று ஆண்கள் நிற்கின்றனர். கணவர் கிந்தானார், ஓய்வுபெற்ற நீதிபதி. இரவில் வாளேந்தித் தனியே நின்று கல்தெரோனின் மான நாடகங்களை உரக்கச் சொல்லி மகிழ்பவர். மெசீயா, பெண்களை வெல்வதையே தொழிலாகக் கொண்ட ஆடம்பரக்காரன். பெர்மீன், ஆனாவின் ஆன்ம வழிகாட்டியாக வந்து அவள்மீதே ஆசைகொண்டுவிட்ட குரு. மானம் காக்கும் கணவன், பெண்ணை மயக்கும் காளை, பற்றைத் துறந்த துறவி என ஸ்பானியர் போற்றிய மூன்று ஆண்மைகளும் ஒரே பெண்ணின் முன் நிறுத்தப்பட்டு, ஒவ்வொன்றாகச் சாயம் வெளுக்கின்றன.

அவற்றுள் கிந்தானாரின் முடிவே நெஞ்சைத் தொடுவது. மெசீயா ஒருநாள் விடியற்காலை அவர் வீட்டு மாடத்திலிருந்து இறங்கிச் செல்வதை அவரே கண்ணாரக் காண்கின்றார். கையில் துப்பாக்கி இருக்கின்றது, குறியும் தப்பாது. ஆனால் அவர் சுடவில்லை. வாழ்நாள் எல்லாம் மேடையில் மான வீரரைப் பாராட்டிய மனிதரின் உள்ளத்தில், அந்த வேளையில் எழுந்தது கொலைவெறியன்று, களைப்பும் துயரமுமே. இருப்பினும் ஊர் வழக்கமும் பிறர் தூண்டுதலும் அவரைத் துவந்த யுத்தத்துக்கு இழுத்துச் செல்கின்றன. அங்கே அவர் குண்டுபட்டு இறக்கின்றார். மன்னிக்கத் தெரிந்த ஒரு மனிதரை, மன்னிக்கத் தெரியாத ஒரு வேடம் கொன்றுவிட்டது.

பாலந்தையின் தந்தையும், முத்துஸ்வாமி ஐயரும், நாராயணனும் பொய்யை நம்பியவர்கள். கிந்தானார் மெய்யையே கண்டவர். அவர்கள் நிலை வேறு, இவர் நிலை வேறு. ஆனாலும் இவர்கள் எல்லாரிடமும் கதாசிரியர்கள் எதிர்பார்த்த வலிமை ஒன்றே. சினமும் ஊர்ப்பேச்சும் நெருக்கும் வேளையில் ஒரு கணம் நின்று, எதிரே இருப்பவளை மனிதராகக் கருதும் வலிமை அது. வாளோங்குவதற்கு வேண்டிய தோள்வலியைக் காட்டிலும் இதற்கு மிகுந்த வலி வேண்டும்.

வெல்லாவெளி போன்ற ஊர்களுக்கு இந்த உண்மை அச்சுப் புத்தகத்தின் வழியாகத்தான் வரவேண்டும் என்ற நிலை இருந்ததா? இல்லை. களரியைத் தவிர அவ்வூர்களுக்கு இன்னொரு பள்ளியும் உண்டு. அது கண்ணகியம்மன் கோயில். மட்டக்களப்புத் தமிழகமெங்கும் வைகாசி மாதத்தில் அம்மன் கோயில்களின் கதவு திறக்கும். அந்நாட்களில் 'கண்ணகி வழக்குரை' என்னும் காவியம் பாடப்பெறும். ஈற்றில் குளிர்த்திச் சடங்கு நிகழும். அந்தக் கதையிலே கணவன் வழிதவறுகின்றான், பொற்கொல்லன் பொய்யுரைக்கின்றான், பாண்டியன் ஆராயாமல் தீர்ப்பளிக்கின்றான். மூன்று ஆண்களும் பிழைபட்ட இடத்தில், ஒரு பெண் சிலம்போடு எழுந்து வழக்குரைக்கின்றாள். ஆராயாத அரசனுக்கு அவனுடைய முடியும் படையும் உதவவில்லை. ஆண்டுதோறும் இதைக் கேட்டு வளர்ந்த ஊரார், வெற்றி ஒன்றே ஆண்மை என்று எங்ஙனம் எண்ணியிருக்க முடியும்? கொம்புமுறி விளையாட்டிலும் வடசேரி கோவலன் கட்சி என்றும், தென்சேரி கண்ணகி கட்சி என்றும் ஊர் இரண்டாகப் பிரிந்து நிற்கும். கண்ணகி கட்சியில் நின்று கொம்பை இழுப்பவரும் ஆண்களே.

குடும்ப அமைப்பும் இதற்குத் துணைநின்றது. இப்பகுதியில் குடி தாய்வழியாக வருவது. வீடு மகளுக்குச் சீதனமாகச் சேர்வது. மணமகன் மனைவியின் வீட்டிலே குடியேறுவது. பழைய முக்குவச் சட்டத்தின்படி முதுசொம் தாய்வழியே இறங்கி, ஒருவனுடைய சகோதரியின் பிள்ளைகளைச் சேரும். அச்சட்டத்தைப் பற்றி கிறிஸ்தோபர் பிரிட்டோ என்பவர் 1876இல் ஒரு நூலே வெளியிட்டார். மனைவியின் வீட்டில் வாழ்ந்து, சகோதரியின் மக்களுக்கு முறைசெய்யும் ஆண், களரியின் முடிவேந்தனைப் போலத் தனித்து நின்று முழங்க இயலாது. பொறுப்பைப் பகிர்ந்து ஏற்பவனாகவே அவன் வாழவேண்டும். இதனாற் பெண்ணுக்குத் துன்பமே இல்லாமற் போயிற்று என்று சொல்லிவிட முடியாது. கோயில் நிருவாகமும் ஊர்த் தீர்ப்பும் ஆண்களின் கையிலேயே இருந்தன. எனினும், ஆண்மைக்கு ஒரே அளவுகோல்தான் உண்டு என்ற பேச்சு அந்த மண்ணில் வேரூன்ற இடமிருக்கவில்லை.

களரியும் புத்தகமும் பின்னாளில் ஒன்றையொன்று சந்தித்தன. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் புதுமெருகோடு மேடையேற்றினார். அவற்றுள் 'இராவணேசன்' தனிச்சிறப்புடையது. வடமோடி ஆட்டம் அப்படியே இருந்தது. மத்தளம் அப்படியே முழங்கிற்று. ஆனால் உள்ளே போராட்டம் உடைய மனிதனாக இராவணன் அதில் வந்தான். மண்டோதரி அவனிடம் மன்றாடுகின்றாள். கேட்டிருந்தால் அவன் பிழைத்திருப்பான். வீரம் என்ற பெயரில் அந்தச் சொல்லை அவன் தள்ளிவிட்டுக் களம் புகுகின்றான். களரி அதுவரை வெளியே ஆடிக்காட்டிய போரை, நாவல் கற்றுத்தந்த முறையில் ஆணின் உள்ளத்துக்குள்ளும் ஆடிக்காட்டிற்று.

படுவான்கரையில் மத்தளம் கேட்கும் இரவுகளில் வீரர்கள் இன்னும் களரிக்கு வந்து தம் குலப்பெருமையைப் பாடுகின்றார்கள். பாடட்டும், அந்த ஆட்டம் அழகியது, அந்த வாக்குறுதி மேன்மையானது. ஆனால் விடிந்தபின் முடியையும் உடுப்பையும் கழற்றி வைத்துவிட்டு ஒவ்வொருவனும் வீடு திரும்ப வேண்டும். அங்கே அவனுக்காக ஒருத்தி காத்திருப்பாள். அவள் சொல்வதற்கும் ஏதேனும் இருக்கும். அதை அவன் அமர்ந்து கேட்கின்றானா என்பதையே 19ஆம் நூற்றாண்டின் கதாசிரியர்கள், திருகோணமலையிலும் மாயூரத்திலும் ஸ்பெயினிலும் இருந்து, ஆண்மையின் உரைகல்லாக வைத்தார்கள்.